வாசிக்கிறான், ஆனால் பொருள் ஏறவில்லை. நீங்கள் எல்லாம் எப்படிப் படிக்கக் கற்றுக்கொண்டீர்கள்?

அரசலாற்றுக்காரி:

கும்பகோணம். பையன் நான்காம் வகுப்பு. தமிழ்ப் பாடப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தால் ஒரு இடத்திலும் திக்காமல் வாசிக்கிறான். எக்ஸ்பிரஸ் ரயில் சின்ன ஸ்டேஷன்களைத் தாண்டுகிற மாதிரி முற்றுப்புள்ளியில்கூட நிற்பதில்லை. முடித்ததும் "என்னடா சொல்லியிருக்கு?" என்று கேட்டால் திரும்பப் புத்தகத்தைப் பார்க்கிறான், இன்னொரு தடவை வாசிக்கட்டுமா என்கிறான். வீட்டில் பேசுவது தமிழ்தான், அதனால் மொழி தெரியாத பிரச்சினை இல்லை. பள்ளியில் கேட்டால் "நல்லா ரீடிங் இருக்கே மேடம், என்ன கவலை உங்களுக்கு" என்கிறார்கள்.

புத்தகம் வாங்கிக் கொடுங்கள் என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். அலமாரி நிறைய இருக்கிறது, தூசி தட்டி வைப்பது நான்தான். நம் தலைமுறையில் வீட்டில் பாதிப் பேருக்குப் படிக்கவே தெரியாது, பாடப் புத்தகம் தவிர வேறு புத்தகமும் கிடையாது. அப்படியிருந்தும் நம்மில் பலர் படிப்புப் பைத்தியமாக வளர்ந்திருக்கிறோம். எழுத்து எப்போது உங்களுக்குப் பொருளாக மாறியது? அது எப்போது ருசிக்க ஆரம்பித்தது? நினைவிருப்பவர்கள் எழுதுங்கள், நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

பூந்தோட்டத்தான்:

நீளத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டீர்கள், அனுபவியுங்கள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் கூத்தனூர் சரஸ்வதி கோயில். விஜயதசமி அன்று எங்கிருந்தெல்லாமோ குழந்தைகளைக் கூட்டிவந்து உட்கார வைத்து நெல்லில் எழுத வைப்பார்கள். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன், அதனால்தான் படிப்பு வந்தது என்று அம்மா இன்றைக்கும் நம்புகிறாள். எனக்குத் தெரிந்து சரஸ்வதி பாதி வேலையைத்தான் செய்தாள், மீதியை முடித்தது எங்கள் அப்பாயி, அப்பாவைப் பெற்றவள். அப்பாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கே போனாலும் கைநாட்டுதான்.

மூன்றாம் வகுப்பில் நானும் உங்கள் பையன் மாதிரிதான். வாத்தியார் ஒரு வரி சொல்வார், நாங்கள் கத்துவோம். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே பாடத்தை ஒப்பித்துவிடுவேன். என்ன சொல்லியிருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பெரியப்பா பினாங்கில் ஒரு கடையில் வேலை பார்த்தார். அவரிடமிருந்து நீல ஏர்மெயில் கடிதம் வரும், தாளும் அதுதான், உறையும் அதுதான். முன்பெல்லாம் தபால்காரரே வாசலில் நின்று படித்துச் சொல்லிவிட்டுப் போவார். அவர் அவசரத்தில் பாதியை விழுங்குகிறார் என்று அப்பாயிக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். "நம்ம வீட்டுப் புள்ள பள்ளிக்கூடம் போவுது, அது படிக்கட்டும்" என்று ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

பெரியப்பா சிக்கனக்காரர். உள்ளே இடம் தீர்ந்ததும் தாளைத் திருப்பி ஓரத்தில் எழுதுவார், ஓரமும் தீர்ந்தால் மடிக்கிற மூடியில் எழுதுவார். எதற்கு அப்புறம் எது என்று அம்புக்குறியெல்லாம் போடமாட்டார். நான் கண்ணில் பட்டதை முதலில் படித்தேன். "பணம் வந்து சேர்ந்ததா என்று மறுதபாலில் எழுதவும்" என்று படித்துவிட்டு, அப்புறம் "இந்த மாதம் பணம் அனுப்ப முடியும் என்று தோன்றவில்லை" என்று படித்தேன். அப்பாயி கையை நீட்டி நிறுத்தினாள். "அனுப்பவே முடியாதுங்கிறவன் வந்துச்சான்னு எப்படிக் கேப்பான்? முன்னப்பின்ன படிக்கிறே. சரியாப் பாரு." தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் இருந்தது பழைய மாதத்துப் பணத்தைப் பற்றி, நடுவில் இருந்தது இந்த மாதத்தைப் பற்றி, இரண்டுக்கும் நடுவில் மூடியில் ஒரு வரி ஒளிந்திருந்தது. எழுத்தே தெரியாத ஒருத்தி வரிசை தப்பு என்று கண்டுபிடிக்கிறாள். எழுத்தெல்லாம் தெரிந்த எனக்கு அது உறைக்கவில்லை.

அதோடு விட்டாளா? "காய்ச்சல் கீய்ச்சல்னு எழுதியிருக்கானா?" இல்லை அப்பாயி. "பின்ன ஏன் ரெண்டு மாசமா கடுதாசி இல்ல? எதையோ மறைக்கிறான். மேல படி, டாக்டர், மாத்திரைன்னு எங்கயாவது வருதா பாரு." எழுதியிருப்பதோடு எழுதாமல் விட்டதையும் தேட வைத்தாள். அடுத்தடுத்த கடிதங்களில் அவள் என்ன கேட்பாள் என்று எனக்கே தெரிந்துவிட்டது. படிக்கும்போதே மனதுக்குள் கேள்வி ஓட ஆரம்பித்துவிட்டது. யார் சொன்னது, எப்போது, ஏன், மற்றது என்ன ஆயிற்று.

அப்புறம் ஒருநாள் பள்ளிக்கூடப் பாடத்தில் ஒரு ராஜா கதை. படித்துக்கொண்டே போகையில் இந்த மந்திரி ஏன் இப்படிச் சொல்கிறான், இவனுக்கு இதில் என்ன லாபம் என்று தானாகத் தோன்றியது. அப்பாயி குரலில்தான் தோன்றியது. அன்றிலிருந்து எனக்குப் பாடப் புத்தகம்கூட ருசித்தது. இதை எந்தக் கல்வியாளரிடமும் சொல்லி நிரூபிக்க முடியாது, ஆனால் என் வரையில் படிக்கத் தெரிந்தவர்கள் எனக்கு எழுத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள், படிக்கத் தெரியாதவள்தான் படிக்கச் சொல்லிக் கொடுத்தாள்.

மதிலழகு:

//எதையோ மறைக்கிறான்//

அப்பாயியை அந்தக் காலத்திலேயே சி.பி.ஐ.யில் எடுத்திருக்க வேண்டும்.

நான் மன்னார்குடி. எனக்கு வாசிப்பு ரயில்வே ஸ்டேஷன் பலகைதான். மாயவரத்தில் ஏறினால் பேரளம், பூந்தோட்டம், நன்னிலம் என்று திருவாரூர் வரைக்கும் ஒவ்வொரு மஞ்சள் பலகையையும் சத்தமாகப் படிப்பேன். அத்தை வீட்டுக்கு எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்று அப்பா என்னைத்தான் கேட்பார், அவர் வேண்டுமென்றே தூங்குகிற மாதிரி இருப்பார். தப்பினால் அடுத்த ஊர்தான். ஆக எனக்குப் பொருள் புரிந்தது பயத்தால். ருசியெல்லாம் பிறகுதான்.

எட்டிப்பார்த்தவன்:

பூந்தோட்டத்தார் கதை நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் சத்தம் போட்டுப் படிப்பதுதான் வழி என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். எனக்குச் சின்ன வயதில் திக்குவாய். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் 'க' வரிசையில் ஆரம்பிக்கிற சொல் வந்தாலே வியர்த்துவிடும். சொல் என்ன சொல்கிறது என்று யோசிக்க எனக்கு ஏது நேரம்? அடுத்து எந்த எழுத்து வரப்போகிறது, அதை எப்படித் தாண்டுவது என்றுதான் கண் ஓடும். ஒரு வரியின் அர்த்தமும் மண்டையில் ஏறாது. வகுப்பு சிரிக்கும், அது வேறு.

எனக்குக் கதவைத் திறந்தது காமிக்ஸ். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-ல் வர ஆரம்பித்தது, இரும்புக்கை மாயாவிதான் முதல் புத்தகம். எங்கள் கைக்கு வந்து சேர்ந்தபோது அட்டை இருக்காது, கடைசிப் பக்கம் இருக்காது. திருவையாற்றில் எங்கள் வீட்டுக் கொல்லையில் வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு வாயைத் திறக்காமல் படித்தேன். அங்கே யாரும் "சத்தமாப் படிடா" என்று சொல்லவில்லை. புரியாத சொல் வந்தால் படத்தைப் பார்த்தால் போதும். கடைசிப் பக்கம் கிழிந்துபோயிருந்தால் முடிவை நானே யோசிப்பேன், ஒவ்வொரு நாளும் ஒரு முடிவு. தினத்தந்தியில் கன்னித்தீவு 1960-லிருந்து வருகிறது, அது இன்னொரு வகை. தினமும் ரெண்டு மூணு படம், மிச்சம் நாளைக்கு. சலூனில் முடி வெட்டிக்கொள்ளாத நாளிலும் போய் நிற்பேன்.

எனவே அரசலாற்றுக்காரி அவர்களே, பையனை முதலில் சத்தமில்லாமல் படிக்க விட்டுப் பாருங்கள். வேகமாக வாசிப்பது உங்களுக்கு வாசித்துக் காட்டத்தான் என்று நினைக்கிறேன். தேர்வு எழுதுகிறான் பாவம்.

சாக்பீஸ்:

அரசுத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பாபநாசம் பக்கம். இருவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது, கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன்.

தமிழில் ஒரு வசதி உண்டு. 247 எழுத்து என்று பயமுறுத்துவார்கள், உண்மையில் உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, அப்புறம் கால், கொம்பு, சுழி எங்கே போடுவது என்பது. இது பிடிபட்டுவிட்டால் குழந்தை தன் வாழ்நாளில் கேள்விப்படாத சொல்லையும் எழுத்துக்கூட்டி வாசித்துவிடும். இங்கிலீஷில் அப்படி முடியாது, சொல்லைத் தெரியாமல் உச்சரிப்பைப் பிடிக்க முடியாத இடங்கள் அதில் நிறைய. நம் வசதியேதான் நமக்குப் பொறி. வாய் சரளமாக ஓடுகிறது, ஆசிரியருக்கும் ஆய்வுக்கு வந்தவருக்கும் திருப்தி, பொருள் ஏறவில்லை என்பது யாருக்கும் தெரிவதில்லை. வகுப்பில் வந்து "வாசி" என்று சொன்னவர்களை என் சர்வீஸ் முழுக்கப் பார்த்திருக்கிறேன். "இப்ப புத்தகத்தை மூடிட்டுச் சொல்லு" என்று சொன்னவர்கள் குறைவு.

இரண்டாவது, வீட்டில் பேசுவது தமிழ், புத்தகத்தில் இருப்பதும் தமிழ் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். குழந்தைக்கு அது அவ்வளவு ஒன்றாகத் தெரிவதில்லை. வீட்டில் "அது வந்துச்சு, அவங்க போயிட்டாங்க" என்கிறது. புத்தகத்தில் "வந்தது", "சென்றுவிட்டனர்" என்று இருக்கிறது. ஒவ்வொரு வரியையும் அது தன் பேச்சுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த மாற்றம் நடக்காமலே வாய் மட்டும் போய்விட முடியும், உங்கள் பையனுக்கு நடப்பது அதுதான் என்று தோன்றுகிறது. பூந்தோட்டத்தார் செய்தது என்ன? பெரியப்பாவின் கடிதத் தமிழை அப்பாயிக்கு அப்பாயி தமிழில் சொன்னார். தினமும் இதை ஒரு குழந்தை செய்தால் போதும், வேறு பயிற்சியே வேண்டாம்.

நான் வகுப்பில் ரெண்டு ரெண்டு பேராக உட்கார வைப்பேன். ஒருத்தன் நாலு வரி மனதுக்குள் படிக்கணும், புத்தகத்தை மூடிட்டு பக்கத்தில் இருப்பவனிடம் "இன்னா நடந்துச்சுன்னா" என்று ஆரம்பித்துச் சொல்லணும். கேட்பவன் ஒரு கேள்வியாவது கேட்கணும். கேட்காவிட்டால் அவனுக்குத்தான் திட்டு. வகுப்பு சந்தைக்கடையாக இருக்கும், அடுத்த அறையிலிருந்து புகார் வரும்.

2007-08-ல் செயல்வழிக் கற்றல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. தரையில் வட்டமாக உட்கார்ந்து, அட்டை எடுத்து, ஏணிப்படியில் ஒவ்வொரு படியாகத் தன் வேகத்தில் ஏறுவது, சுவரில் குழந்தை உயரத்துக்குக் கரும்பலகை. எனக்கு அது பிடித்திருந்தது, முதல் தடவையாக ஒரு குழந்தை இன்னொரு குழந்தையிடம் வகுப்பில் பேசுவது குற்றம் இல்லை என்று ஆயிற்று. ஆனால் பல இடங்களில் அட்டையை முடித்து அடுத்த அட்டைக்கு ஓடுவதே போட்டியாகிவிட்டது. புத்தகமோ அட்டையோ, கேட்க ஒரு ஆள் இல்லாவிட்டால் ஒன்றுதான்.

இன்னொன்று சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். லை, னை, ணை, ளை எல்லாம் இன்றைய உருவத்துக்கு மாறின, ணா, றா, னாவும் மாறின. பாடப் புத்தகம் மாறிவிட்டது, பீரோவில் இருந்த கதைப் புத்தகங்கள் பழைய எழுத்தில்தான் ரொம்ப வருஷம் இருந்தன. துதிக்கை வைத்த பழைய லையைப் பார்த்ததும் குழந்தைகள் நின்றுவிடும். நான் உடனே சொல்லிக் கொடுக்கமாட்டேன். "கதையில அடுத்து என்ன வரும்? அப்ப இது என்ன எழுத்தா இருக்கும்?" என்று கேட்பேன். கதையைப் பின்தொடர்ந்து வந்த பிள்ளை சொல்லிவிடும். வெறும் வாயால் வந்த பிள்ளை விழிக்கும். யார் எப்படி வாசிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க அதைவிட நல்ல சோதனை எனக்குக் கிடைத்ததில்லை, அரசாங்கம் தெரியாமல் கொடுத்த சோதனை.

பூந்தோட்டத்தான்:

டீச்சர், "இன்னா நடந்துச்சுன்னா" அருமை. நீங்கள் எனக்கு வாய்த்திருந்தால் அப்பாயிக்கு வேலை குறைந்திருக்கும்.

கீழத்தெரு:

இங்கே கடிதம், காமிக்ஸ் என்று ஓடுகிறது. எங்கள் தெருவுக்கு வெளிநாட்டுக் கடிதமும் வராது, காமிக்ஸும் வராது. நாகப்பட்டினம் பக்கம், அப்பா, தாத்தா எல்லோரும் பண்ணையில் வேலை செய்தவர்கள். எங்களுக்கு வாசிப்பு சங்கத்துக் கொட்டகையில்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பள்ளிக்கூடம் போகிற பையன்களில் ஒருத்தன் பேப்பர் படிக்க வேண்டும், ஜனசக்தியோ தீக்கதிரோ எது வந்திருக்கிறதோ அது. நான் படித்த காலம் 70-களின் ஆரம்பம். அதற்குச் சில வருஷம் முன்னால்தான் வெண்மணி, கூலி கேட்டவர்களின் குடும்பங்களைக் குடிசைக்குள் வைத்து எரித்தது, 1968 டிசம்பர் 25. அதைப் பற்றி விரித்து எழுத இது இடமில்லை, ஆனால் அந்தக் கொட்டகையில் இருந்தவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்று தெரிய வேண்டுமானால் அதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. சட்டம் வந்தது என்று தலைப்பைப் படித்தால் போதாது. "எந்த வேலைக்கு? நடவுக்கா, அறுப்புக்கா? பொம்பளைக்கும் உண்டா? எந்தத் தாலுகா வரைக்கும்? நம்ம ஊர் அதுல வருதா?" என்று நாலு பக்கமும் கேள்வி வரும். அதுவரை பார்க்காமல் தாண்டிய சின்ன எழுத்தை எல்லாம் திரும்பப் போய்ப் படிக்க வேண்டும். 'அல்லது' என்று இருந்ததை நான் 'மற்றும்' என்று சொல்லிவிட்டால் நாளைக்கு வயல் வரப்பில் யாரோ ஒருவர் மிராசுதாரிடம் அடிவாங்குவார். அந்த வயதில் எனக்கு அது தெரியும்.

அதனால் பூந்தோட்டத்தார் சொன்னதை நான் முழுசாக ஒத்துக்கொள்கிறேன், ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கேட்கிற ஆளுக்கு அந்தச் சேதி வேண்டியிருக்க வேண்டும். சும்மா பிள்ளையைச் சோதிப்பதற்காகக் கேட்கிற கேள்விக்கும், பதில் தெரியாமல் தவித்துக் கேட்கிற கேள்விக்கும் உள்ள வித்தியாசம் குழந்தைக்கு நன்றாகத் தெரியும்.

ருசி? அது லேட். பெரிய தெருவில் ஒரு நூலகம் இருந்தது, ஊர் பெயர் வேண்டாம். புத்தகமெல்லாம் பீரோவுக்குள், பீரோ பூட்டியிருக்கும், சாவி நூலகர் இடுப்பில். என்னைப் பார்த்தால் "பேப்பரை மட்டும் படிச்சிட்டுப் போ" என்பார். பெரிய தெருப் பையன்கள் கேட்டால் சாவி வெளியே வரும். கண்ணாடி வழியாக முதுகுப் பக்கத்துத் தலைப்புகளை எல்லாம் படித்து முடித்திருந்தேன். திருவாரூருக்குப் படிக்கப் போன பிறகுதான் ஒரு முழுக் கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்தேன்.

மதிலழகு:

கீழத்தெரு அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பதில் எழுத வரவில்லை. பூட்டிய பீரோ என்றதும் எரிச்சலாக இருக்கிறது, ஏனென்றால் நூலகத்தைத் திறந்துவைக்கச் சொன்ன ஆளே நம் பக்கத்து ஆள். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர். புத்தகம் பூட்டிவைக்க அல்ல, பயன்படுத்த என்பதுதான் அவருடைய முதல் விதி, நூலகத் துறையில் உலகம் முழுக்க அதைப் படிக்கிறார்கள். அந்த ஐந்து விதிகளும் புத்தகமாக வந்தது 1931-ல். அதே வருஷம் எங்கள் மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் மாட்டு வண்டியில் நூலகம் ஓட்டினார், புத்தகங்களை வண்டியில் அடுக்கி ஊர் ஊராகக் கொண்டு போய்ப் படிக்கக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வது. அப்புறம் 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம், அதற்குப் பின்னாலும் ரங்கநாதன்தான். நம் வீட்டு வரியோடு நூலக வரி என்று ஒன்று சேர்த்துக் கட்டுகிறோமே, அந்தச் சட்டம் போட்ட வழி.

மாட்டு வண்டி கதையை ஊரில் எந்தப் பையனிடம் சொன்னாலும் நம்பமாட்டான். அதனால் இங்கே சொல்கிறேன்.

கீழத்தெரு:

தம்பி, நல்ல தகவல். வண்டி போனது சந்தோஷம். எந்தெந்தத் தெருவில் நின்றது என்று யாராவது எழுதி வைத்திருந்தால் இன்னும் சந்தோஷம். நூலக வரி எங்கள் தெருவும்தான் கட்டியது.

மதிலழகு:

நியாயம்தான் அண்ணா.

அதிரைப் பேத்தி:

நான் அதிராம்பட்டினம். இந்த இழையில் எல்லோரும் "பொருள் தெரியாமல் வாசிப்பது" என்பதை ஒரு நோய் மாதிரி பேசுகிறீர்கள், எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

காலையில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஓதப் போவோம். குர்ஆனை எழுத்துக்கூட்டி, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி ஓதணும். அந்த வயதில் அரபியில் ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாது. ஆனால் எனக்கு வாசிப்பின் முதல் இன்பம் அதில்தான் கிடைத்தது, சொல்லப்போனால் சத்தத்தில். ஒரு வரியைத் தப்பில்லாமல் ஓதி முடித்தால் ஒரு நிறைவு வரும் பாருங்கள். தேவாரம் படிக்கிற பிள்ளைகளும் இதைத்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். பொருள் பிறகு வரட்டும், சத்தத்தையும் மதிக்கலாம்.

உம்மம்மாவுக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, "தமிழ் படிக்கத் தெரியாது" என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வோம், அவரும் அப்படித்தான் சொல்லுவார். ஆனால் ராத்திரி மாடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்து ராகமாகப் படிப்பார். பார்க்க அரபி எழுத்து. ஒருநாள் பக்கத்தில் படுத்துக்கொண்டே கேட்டேன், எனக்கு எல்லாம் புரிகிறது! எழுத்துதான் அரபி, மொழி தமிழ். அரபுத் தமிழ் என்பார்கள், எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்துப் பெண்கள் நிறையப் பேர் அதைப் படித்தவர்கள்தான். அப்போது எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். காலையில் அர்த்தம் தெரியாமல் நான் ஓதுகிற அதே எழுத்து, ராத்திரி உம்மம்மா வாயில் வீட்டுப் பேச்சாக வருகிறது. எழுத்து வேறு, மொழி வேறு, அர்த்தம் வேறு என்று அன்றைக்குத்தான் மண்டையில் விளக்கு எரிந்தது. அதன் பிறகு எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இதற்குள்ளே யாரோ பேசுகிறார்கள் என்ற நினைப்போடுதான் திறப்பேன்.

கடிதம் படிக்கிற வேலை எனக்கும் உண்டு. தெருவில் பாதி ஆண்கள் சிங்கப்பூரில், சவூதியில். பக்கத்து வீட்டு அக்காவுக்கு மாப்பிள்ளையிடமிருந்து கடிதம் வரும். படித்துக்கொண்டே போவேன், ஒரு இடத்தில் என் குரல் இறங்குவதைப் பார்த்ததும் "அந்த வரியை விட்டுரு, நா பாத்துக்கறேன்" என்பார். அவருக்கு எழுத்துத் தெரியாது, என்ன பார்ப்பார்? ஆனால் கடிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் சொருகிக்கொள்வார். 80-களில் டேப் ரிக்கார்டர் வந்தது, மாப்பிள்ளைமார் கேசட்டிலேயே பேசி அனுப்ப ஆரம்பித்தார்கள். தெருவில் எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு மரியாதை சட்டென்று குறைந்துவிட்டது. அந்த அக்காவுக்கு நிம்மதி.

எட்டிப்பார்த்தவன்:

கேசட் விஷயம் மறந்தே போய்விட்டது! எங்கள் மாமா குவைத்திலிருந்து ஒரு பக்கம் பேச்சு, மறுபக்கம் சினிமாப் பாட்டு பதிந்து அனுப்புவார்.

பேத்தி சொன்ன சத்த விஷயத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டும். எனக்குத் திக்கல் இல்லாமல் வந்தது பாட்டு மட்டும்தான், வகுப்பில் செய்யுளை ராகம் போட்டுச் சொன்னால் ஒரு சொல்லும் மாட்டாது. ஆக நானும் சத்தத்துக்கு விரோதி இல்லை. ஒருத்தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவன் வாயிலிருந்து வரிகளைப் பிடுங்குவதற்குத்தான் விரோதி.

அரசலாற்றுக்காரி:

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி, டீச்சருக்குத் தனியாக.

ஆனால் ஒரு சிக்கல் பாருங்கள். எங்கள் வீட்டில் படிக்கத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. மாமியார் எஸ்.எஸ்.எல்.சி., ஆன்மிகப் பத்திரிகை ஒன்றையும் விடமாட்டார். கடிதம் யாரும் போடுவதில்லை, எல்லாம் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ். கீழத்தெரு அண்ணன் சொன்ன மாதிரி உண்மையிலேயே சேதி வேண்டியிருக்கிற ஆளை நான் எங்கே போய்த் தேடுவது? நான் கேட்டால் சோதிக்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. எட்டிப்பார்த்தவர் சொன்னபடி மூன்று நாளாக வாசிக்கச் சொல்லவில்லை, அதில் அவனுக்கு ரொம்ப சந்தோஷம். புத்தகத்தையும் தொடவில்லை என்பது வேறு விஷயம்.

சாக்பீஸ்:

படிக்கத் தெரியாதவர் வேண்டாம் அம்மா, படிக்க முடியாதவர் போதும். கண்புரை ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் படிக்கக்கூடாது என்று இருப்பவர் உங்கள் தெருவில் யாராவது இருப்பார்கள். இல்லை, ஒன்றாம் வகுப்பு படிக்கிற குழந்தை இருக்கும். சின்னப் பிள்ளையைப் போல ஈவிரக்கமில்லாமல் "ஏன்? ஏன்?" என்று கேட்கிறவர் உலகத்தில் இல்லை. என் பேத்திக்கு அவள் அண்ணன் கதை படித்தான், பாதியில் நரி எங்கே போச்சு என்று கேட்டாள், அவனுக்குத் தெரியவில்லை, அவளிடம் அடி வாங்கிக்கொண்டு முந்தின பக்கத்துக்குப் போய்த் தேடினான்.

பூந்தோட்டத்தான்:

இன்னொரு யோசனை. கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போங்கள். தஞ்சாவூர் என்று போட்டிருக்கிற எல்லா பஸ்ஸும் ஒன்றில்லை. பாபநாசம் வழியும் உண்டு, திருவையாறு வழியும் உண்டு. "சுவாமிமலையில இறங்கணும், எதுல ஏறலாம்னு நீயே பாத்துச் சொல்லு" என்று விட்டுவிடுங்கள், நீங்கள் பலகையைப் பார்க்காதீர்கள். அவன் ஏறச் சொன்னதில் ஏறிவிட வேண்டும், தப்பாக இருந்தாலும். மதிலழகு அப்பா செய்த உத்திதான்.

அரசலாற்றுக்காரி:

தப்பான பஸ்ஸில் ஏறி பாபநாசத்தில் போய் இறங்கினால் டீச்சர் வீட்டில்தான் சாப்பாடு, சொல்லிவிட்டேன்.

மேலத்தெருவில் கீழ்வீட்டுத் தாத்தா ஒருவருக்கு ஆபரேஷன் முடிந்திருக்கிறது. தினமும் பேப்பர் படிக்காமல் கை நடுங்குகிறது என்று புலம்புகிறார். அவரிடம் பையனை அனுப்பலாம் என்று இருக்கிறேன், அவரிடம் நான் ஒன்றும் சொல்லி வைக்கப் போவதில்லை. அவர் இயல்பிலேயே எதையும் நம்பாத மனிதர், நெல் கொள்முதல் செய்தி வந்தால் நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டார். கூடவே கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேர்த்து, அவனே எடுக்கட்டும் என்றும் யோசனை.

எட்டிப்பார்த்தவன்:

அவன் எதை எடுத்தாலும் "இது உனக்குப் பெருசு", "இது உனக்குச் சின்னது" என்று சொல்லாதீர்கள். காமிக்ஸ் இருந்தால் காமிக்ஸ். திருப்பிக் கொடுக்கும்போது என்ன படித்தாய் என்றும் கேட்காதீர்கள், அதைத் தாத்தா பார்த்துக்கொள்வார்.

மதிலழகு:

வெள்ளிக்கிழமை போய் நிற்காதீர்கள், நூலகத்துக்கு வார விடுமுறை அன்றைக்குத்தான். உறுப்பினராகச் சேர முகவரிச் சான்று நகலை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள், அதற்காக ஒரு தடவை திரும்பி வர வேண்டாம்.

கீழத்தெரு:

போனால் பீரோ திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து இங்கே எழுதுங்கள்.